முழுநாள் வாடகை

காவேரிப்பாக்கத்தில் முதல் பஸ்ஸிலிருந்து
இறங்கி நடந்து வந்தவர்
ஏரிக்கரை ஏறியதும் தண்ணீரைத்தான் முகர்ந்தார்.
பிறகுதான் என்னைப் பார்த்தார்.
முழுநாள் எவ்வளவு?
ஆயிரத்து ஐநூறு. பரிசல் என்னுடையது,
தூண்டில் உங்களுடையது,
மீன் குத்தகைக்காரருடையது. பிடித்ததை
எடை போட்டுக் காசு கட்டித்தான் எடுத்துப் போகலாம்.
பேரம் பேசவில்லை. அதில்தான் எனக்குச் சந்தேகம்.

தபன் மைத்தி. வங்காளத்துக் கடலோரம்.
வேலூர் ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில்
மாடி லாட்ஜில் நாற்பத்தோரு நாளாய் இருக்கிறார்.
மனைவியின் ரிப்போர்ட் நாளைக் காலை வரும்.
உன் நடைச்சத்தம் தாங்கவில்லை, எங்கேயாவது போ என்று
அவளே அனுப்பிவிட்டாளாம்.
இதைச் சொல்லி முடிக்க அவருக்குக் கால் மணி நேரமும்
இரண்டு கைகளும் வேண்டியிருந்தன.

அவர் தமிழ் முழுக்க அங்கே கற்றது:
பில். ரத்தம். வெறும் வயித்துல.
செருப்ப வெளிய விடு. நாளைக்கு வாங்க.
என் இந்தி ராணிப்பேட்டைத் தோல் ஷெட்டில் கற்றது,
பாதிக்கு மேல் வசவு.
ஏகாம்பரம் அவர் வாயில் ஏகாம்போரோம் ஆனேன்.
திருத்தவில்லை.

தை மாதம். ஏரி கலங்கலைத் தொட்டு நின்றது.
கருவேல மரங்கள் கழுத்துவரை நீரில்.

அவர் ஊரில் அவர்தான் படகுக்காரர்.
கொல்கத்தாவிலிருந்து வருகிறவர்களை
விடியலில் ஏற்றி இருட்டில் இறக்குவார்.
கரை கண்ணில் படும் தூரத்திலேயே கொடுவா உண்டு,
காலா உண்டு, அதிர்ஷ்டம் அடித்தால் பாறை.
தூண்டிலை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு
இவர் காற்றைப் பார்த்திருப்பார்.
பதினெட்டு வருஷம் என்று விரல்களால் காட்டி
உட்கார்ந்ததே இல்லை என்று தலையாட்டினார்.

உட்காரத் தெரியவும் இல்லை.
பரிசல் சுற்றும்போதெல்லாம்
எதிர்ப்பக்கம் தன் எடையைச் சாய்த்தார்.
"மூக்கு எங்க?" என்றார் ஒருமுறை.
வட்டத்துக்கு ஏது மூக்கு.
சிரித்ததில் ஒரு கடி தப்பிப் போயிற்று.

பத்து மணிக்குள் ஜிலேபி நான்கு,
மதிக்காமல் திருப்பி விட்டார்.
அப்புறம் ஒரு கெளுத்தி. அப்புறம் வெயில்.
என் தூக்கில் கூழும் வெங்காயமும்,
அவர் பொட்டலத்தில் கடுகெண்ணெய் வாசத்தோடு பொரி.
மாற்றித் தின்றோம்.
போன் இரண்டு முறை அடித்தது.
மூன்றாவது முறை எடுத்தார்.
லாட்ஜ்காரர், வாடகைக்கு.

மூன்று மணி இருக்கும், கருவேல நிழலில்
நூல் ஓடவில்லை, நடந்தது.
அவர் எழுந்து நின்றுவிட்டார்.
பரிசலில் நிற்பார்களா யாராவது!
எனக்குத் தெரிந்த இந்தி முழுவதையும் கத்தினேன்.
காதில் விழவில்லை.
இழுக்காமல் விட்டார். விட்டு, கொஞ்சம் வாங்கி,
மறுபடி விட்டு,
கடன் கொடுத்தவனிடம் தவணை கேட்கிற மாதிரி
தணிந்து தணிந்து கொண்டுவந்தார்.
விரால். என் முழங்கையில் தொடங்கி
விரல்நுனியைத் தாண்டியது.
இந்த ஏரியில் நான் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன்
அப்படி ஒன்றை.

மடியில் கிடத்தி, ஈரத்துண்டால் அதன் கண்ணை மூடி,
முள்ளைக் கழற்றுகையில் குனிந்து
பிசிறில்லாத தமிழில் கேட்டார்:
"வலிக்குதா?"

நான் மதகைப் பார்த்தேன்.
அவர் எதையும் பார்க்கவில்லை.

கரையில் இறங்கியதும் தண்ணீரை இறைத்து,
பரிசலைத் துடைத்து, கயிற்றைச் சுருட்டி வைத்தார்.
வாடகை கொடுத்தவர் செய்கிற வேலையா, வேண்டாம் என்றேன்.
கை கேட்கவில்லை போல.
இரண்டு கிலோ நூற்றைம்பது.
குத்தகைக்காரர் மகன் பூபாலன்
ஐந்து ரூபாய்கூடக் குறைக்கவில்லை.

உயிரோடு வேண்டும் என்று
என் பெயிண்ட் வாளியைக் கேட்டு வாங்கினார்.
ராத்திரிக்குக் குழம்பா?
"நாளைக்கு," என்றார். "ரிப்போர்ட். அப்புறம் குழம்பு.
இல்ல, கோட்டை அகழி."
உள்ளங்கையை நீந்தவிட்டுக் காட்டினார்.
எந்த ரிப்போர்ட்டுக்குக் குழம்பு,
எதற்கு அகழி என்று நான் கேட்கவில்லை.

விரால் மேல்காற்று குடிக்கிற மீன்.
மூடியில் ஓட்டை போட ஆணி கொடுத்தேன்.
ஏழு ஓட்டை போட்டார்.
ஆணியைத் திருப்பித் தராமலே பஸ் ஏறினார்.